சுவரைப் பார்த்த பெயர்

திரையின் மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, மீதி நாட்களை எண்ணிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கெமுன்டோ எத்தனை தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாலும் கண் நேராக அங்கேதான் போனது. இருபத்தேழு நாள், நான்கு மணி நேரம். இருபத்தேழு நாள், மூன்று மணி ஐம்பது நிமிடம். பாடம் நடத்தும் ஆளோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெயில் காய உட்கார்ந்தவன் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். "இது உங்கள் வேகத்தில் கற்கும் பயிற்சி. அவசரம் வேண்டாம். புரியவில்லையா, நிறுத்தி மறுபடி பாருங்கள்."

"நாளையும் நீயே எண்ணு, அவசரப்படாதேன்னும் நீயே சொல்லு," என்றாள் கெமுன்டோ திரையைப் பார்த்து.

மரப்பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்த ஒச்சோலா ரம்பத்தை நிறுத்தினான். "யாரோட சண்டை?"

"வாத்தியாரோட."

"அவனுக்குக் காது கேக்காது தங்கச்சி. கேட்டிருந்தா இந்நேரம் வேலையை விட்டுட்டு ஓடியிருப்பான்."

கென்யாவின் நக்குரு தொழிற்பேட்டையில் மாவு ஆலைக்கும் லாரிப் பட்டறைக்கும் நடுவில் கச்சாஞ்சாவின் பட்டறை. அங்கே குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் செய்தார்கள். மரவேலை ஒச்சோலாவுடையது. பெட்டிக்குள் சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ளும் மின்சாரப் போர்டு கெமுன்டோவுடையது. சூடு கொஞ்சம் கூடினால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். நிறையக் கூடினால் அவித்த முட்டைதான்.

அவள் போர்டு செய்யும் விதமே தனி. போர்டைக் கவிழ்த்துப் போட்டால் அதன் வயிறு எப்படித் தெரியுமோ அப்படி நோட்டில் வரைவாள், தாமிரமும் ஈயப் பற்றான சால்டரும் இருப்பது அந்தப் பக்கம்தானே. நகல் கடைக்காரன் அதை வழவழப்பான தாளில் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டி எடுத்துக் கொடுப்பான். அந்தத் தாளைத் தாமிரத்தின் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால், புரண்ட படம் மறுபடி புரண்டு நேராக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மிச்சத் தாமிரம் கரைய மருந்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பதினோரு வருடத்தில் எண்ணூறு போர்டுக்கு மேல் இப்படித் தேய்த்திருக்கிறாள். என் சட்டைக்கு இஸ்திரி போட மாட்டாள், போர்டுக்கு மட்டும் போடுவாள் என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த வருடம் மோலோ பக்கத்துக் கோழி வளர்ப்போர் சங்கம் இருநூறு பெட்டி கேட்டது. சங்கத் தலைவி ஜெரோட்டிச் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். உள்ளே இருக்கும் போர்டு தொழிற்சாலையில் செய்த பச்சைப் போர்டாக இருக்க வேண்டும். இஸ்திரி போட்டது வேண்டாம், ஈரத்தில் இரண்டே வருடத்தில் அரித்துப்போகிறது என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கெமுன்டோவுக்கும் அது தெரியும், அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

தொழிற்சாலைக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றால் அதற்கென்று மென்பொருள் இருக்கிறது. கச்சாஞ்சா அன்றைக்கே ஆள் பார்த்துவிட்டான்.

"சிமியூன்னு ஒரு பையன். நைரோபில இன்ஜினியரிங் முடிச்சவன். அந்தச் சாப்ட்வேரைக் கண்ணை மூடிட்டு ஓட்டுவானாம்."

"கண்ணை மூடிட்டு ஓட்டறவன் கையிலயா, பாஸ், போர்டைக் குடுப்பீங்க?"

"உனக்குத் தெரியுமா அது?"

"தெரியாது. முப்பது நாள் இலவசமா தர்றாங்க. பாடமும் கூடவே இருக்கு. முப்பது நாள் குடுங்க, படம் போட்டு, சாம்பிள் வரவழைச்சு, ஓட்டிக் காட்டறேன்."

கச்சாஞ்சா தாடையைச் சொறிந்தான். பேச்சில் ஆளை மயக்கிப் பெட்டி விற்பவன்தான், ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டான். "சரி. ஜெரோட்டிச் அம்மா சரின்னு சொல்லிட்டா, அந்த ஜன்னலோர மேசை உனக்கு. இனிமே இங்க வரையறது எல்லாம் நீதான். இல்லைன்னா அதுல சிமியூ உட்காருவான். அவன் வரையறதை நீ சால்டர் பண்ணுவே. அப்புறம் மூஞ்சைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அன்று புதன்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு அவள் பெயரைப் பதிந்தாள். அந்த நொடியே திரையில் அந்தச் சின்னப் பெட்டி எண்ணத் தொடங்கியது.

மொத்தம் பதினோரு பாடம். முதல் மூன்றை ஒழுங்காகத்தான் பார்த்தாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் எவ்வளவு ஒழுங்காகப் பார்க்க முடியுமோ அவ்வளவு. நடுநடுவே எழுந்து போய் டீ போட்டாள், மறுபடி உட்கார்ந்தாள், நகத்தைக் கடித்தாள். ஒச்சோலா ரம்பத்தைப் போட்டால் பட்டறை மின்சாரம் பட்டென்று விழும், போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்த ஆள் இன்னும் அதே வாக்கியத்தில் இருப்பான். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் அவன் குரல் வாத்து கத்துவது மாதிரி ஆனது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

நான்காம் பாடம் பதினெட்டு நிமிடம். போர்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பது தலைப்பு. கெமுன்டோவுக்குச் சிரிப்பு வந்தது.

"பதினோரு வருஷமா போர்டோட முதுகையும் வயித்தையும் தடவிட்டிருக்கேன். எனக்கு வந்து பக்கம் சொல்லித் தர்றான்."

தாண்டிவிட்டாள். முடித்தாயிற்று என்று ஒரு குறி போட்டால் போதும், அந்தப் பாடமும் அவளிடம் மறுவார்த்தை கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரைப் பார்த்துச் சொல்லி வைத்தார்களோ.

அதற்குப் பிறகு பாடங்களைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு நேராக வேலையில் இறங்கிவிட்டாள். சிப், ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் ரிலே, சூடு பார்க்கும் சென்சர் மாட்டும் சாக்கெட், மின்சாரம் உள்ளே வரும் இடம் எல்லாவற்றுக்கும் கால்கள் எங்கெங்கே என்று நோட்டில் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரையில் வரைந்தாள். மென்பொருளிலேயே தயாராகக் கிடந்ததை நம்பவில்லை. என் நோட்டு எண்ணூறு போர்டு ஓட்டிய நோட்டு என்ற கர்வம் இருந்தது, அது நியாயமான கர்வமும்கூட. கம்பிகளுக்குப் பதிலாகத் திரையில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஓடின. வழி கிடைக்காமல் ஒரு கோடு இரண்டு நாள் அலைக்கழித்தது. மூன்றாம் நாள் மட்டாட்டு வேனில் நின்றுகொண்டு வரும்போது வழி தெரிந்தது, இறங்கி ஓடியே வந்தாள்.

பத்தாம் நாள் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பிழை: 0.

அதற்கு மேல் ஒரு வேலைதான் மிச்சம். பெட்டி மூடியில் சிவப்பு எழுத்தில் எப்போதும் கச்சாஞ்சாவின் பெயர் இருக்கும். இஸ்திரி போட்டுச் செய்த போர்டில் எழுத்துக்கு ஏது இடம். ஆனால் தொழிற்சாலைப் போர்டில் வெள்ளை எழுத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடித்துத் தருவார்கள். எந்தப் பாகம் எங்கே, எந்தக் கம்பி எங்கே என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, மூலையில் சின்னதாக, வடிவமைத்தவர் கெமுன்டோ என்று போட்டாள். ஒரு தடவை அழித்தாள். பிறகு மறுபடி போட்டாள். படத்தை யாரிடமும் காட்டாமல் சீனாவில் இருந்த தொழிற்சாலைக்கு அனுப்பினாள். சாம்பிள் ஐந்து போர்டு.

பதினெட்டு நாள் காத்திருந்தாள். அந்தப் பதினெட்டு நாளில் விட்ட பாடத்தை நூறு தடவை பார்த்திருக்கலாம். அவள் பார்த்ததெல்லாம் பார்சல் எங்கே வருகிறது என்பதைத்தான். ஹாங்காங்கில் இருக்கிறது. இன்னும் ஹாங்காங்கில்தான். துபாய் வந்துவிட்டது. நைரோபி சுங்கத்தில் நிற்கிறது. போனைத் திறந்து மூடி, திறந்து மூடி, சட்டையில் துடைத்தாள்.

"அடை உட்கார்ந்த கோழிகூட இவ்வளவு தவிக்காது," என்றான் ஒச்சோலா.

"அதுக்குக் கீழ முட்டை இருக்கிறது தெரியும். எனக்கு என்ன தெரியும்?"

இருபத்தெட்டாம் நாள், புதன்கிழமை காலை, பார்சல் வந்தது. வெள்ளிக்கிழமை ஜெரோட்டிச் அம்மா வருவதாக ஏற்பாடு. ஐந்து போர்டும் பச்சைப் பசேல் என்று, ஓரம் வழவழவென்று, எழுத்து பல் மாதிரி வெள்ளையாக இருந்தன. மூலையில் அவள் பெயர். கெமுன்டோ அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். எழுத்து லேசாகப் புடைத்திருந்தது. அழவேண்டும் போல் வந்ததை டீயோடு விழுங்கினாள்.

பிறகு சிப்பை எடுத்து அதன் துளைகளில் வைத்தாள். இருபத்தெட்டுக் காலும் போய் உட்கார்ந்தன. எண்ணைச் சரிபார்த்தாள். முதல் கால் வரவேண்டிய துளையில் இருபத்தெட்டாம் கால் நின்றது. திருப்பி வைத்தாள். இப்போது பதினான்காம் கால் நின்றது. சிப்பை எடுத்துப் பார்த்தாள், போர்டை எடுத்துப் பார்த்தாள், நோட்டை எடுத்துப் பார்த்தாள். நோட்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து பின்பக்கமாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. அப்போது எல்லாம் சரியாகப் பொருந்தியது.

அவள் நோட்டில் இருந்தது வயிற்றுப் பக்கம். மென்பொருள் அதை முதுகுப் பக்கம் என்று எடுத்துக்கொண்டது. இடையில் புரட்டிக் கொடுக்க நகல் கடைக்காரன் இல்லை, இஸ்திரிப் பெட்டியும் இல்லை. எல்லாப் பாகமும் இடம் வலமாக மாறிக் கிடந்தன. கோட்டுக்குக் கோடு இடிக்கிறதா என்றுதான் மென்பொருள் பார்க்கும். சிப்புக்குக் கால் எந்தப் பக்கம் என்று அதற்கு எப்படித் தெரியும். அது பிழை இல்லை என்றது பொய்யில்லை.

அன்றைக்கு முழுதும் ஐந்து போர்டையும் இழுப்பறையில் போட்டு மூடி வைத்திருந்தாள். தெரியாததைத் தப்பாகச் செய்திருந்தால்கூட ஆறுதல் இருந்திருக்கும். இது தெரிந்ததைத் தப்பாகச் செய்தது.

வியாழக்கிழமை காலை, எரிச்சலில் ஒரு போர்டைக் கவிழ்த்துப் போட்டாள். கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தாள். நோட்டில் பார்த்ததே எதிரில் கிடந்தது. சிப்பை எடுத்து, எழுத்தே இல்லாத அந்த அடிப்பக்கத்திலிருந்து வைத்தாள். முதல் கால் முதல் துளையில் இறங்கியது. எல்லாமே ஒரே மாதிரி மாறியிருந்ததால் எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து சரியாக வந்தன. மத்தியானத்துக்குள் முழுப் போர்டையும் கவிழ்த்தே சால்டர் செய்து, பெட்டியில் மாட்டி, மின்சாரம் கொடுத்தாள். சூடு ஏறியது. முப்பத்தேழரையில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

கச்சாஞ்சாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். அவன் போர்டை ஒரு பார்வையும் வெப்பமானியை ஒரு பார்வையும் பார்த்தான்.

"ஓடுதா இல்லையா?"

"ஓடுது பாஸ். ஆனா எழுத்து எல்லாம் பின்பக்கம் போயிடுச்சு. திருகி மாட்டினா பெட்டிச் சுவரைப் பார்த்துட்டு நிக்கும்."

"எழுத்தா அடைகாக்குது? நாளைக்கு அம்மா தலையாட்டினதும் இதே படத்தை இருநூறுக்கு அனுப்பிடு. மேசையைத் துடைச்சு வச்சுக்க."

அப்படியாக அவளுக்கு மேசை கிடைத்தது மாதிரிதான். முதல் தடவையாகத் தன் பெயர் போட்ட போர்டு இருநூறு பெட்டிக்குள் போகப்போகிறது, இருநூறிலும் பெயர் சுவரைப் பார்த்தபடி. அதை நினைத்து அவள் சிரித்தாள், சிரிப்பு சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெரோட்டிச் அம்மா பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். ஆகிருதியான பெண், கம்பளிச் சட்டை, பையில் சொந்தமாக ஒரு வெப்பமானி. பட்டறை வெப்பமானியைத் தொடவே இல்லை. தன்னுடையதைத் துணியிலிருந்து பிரித்துப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் அசையாமல் பார்த்தாள். கெமுன்டோ அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க ஐந்து தடவை போய்வந்தாள்.

"நிக்குது," என்றாள் அம்மா கடைசியில். "உள்ள இருக்கிறதைக் காட்டு."

கச்சாஞ்சா மூடியைத் திறந்தான். அம்மா குனிந்து பார்த்தாள். "எழுத்து ஒண்ணும் காணோம்?"

"அதான் அம்மா எங்க ரகசியம்," என்றான் கச்சாஞ்சா கண்ணிமைக்காமல். "எழுத்தைப் பின்னால மறைச்சு வச்சுட்டோம். எவனும் காப்பி அடிக்க முடியாது."

"காப்பி அடிக்கிறது இருக்கட்டும். ரிப்பேர் யார் பாக்கறது? ஒவ்வொரு தடவையும் நக்குருவுக்குத் தூக்கிட்டு வர முடியுமா? எங்க ஊர்ல கிபெட்னு ஒருத்தன் இருக்கான். ரேடியோ, டார்ச்சு எல்லாம் பாப்பான். கழட்டிப் பின்பக்கம் எழுதியிருக்கிறதைப் படிச்சுக்குவான். எழுத்து இருக்கிற பக்கத்துல பார்ட்டை வச்சு மாட்டிடுவான். போதுமில்ல?"

"தாராளமா போதும்," என்றான் கச்சாஞ்சா.

கெமுன்டோ கிபெட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவன் கண்முன்னால் தெரிந்தான். போர்டைத் திருப்புகிறான், வெள்ளை எழுத்தைப் படிக்கிறான், சிப் என்று எழுதிய இடத்தில் ஒழுங்காக ஒரு புதுச் சிப்பை வைக்கிறான். படித்ததை நம்புகிறவன் அப்படித்தானே செய்வான். முட்டையிடும் கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்பார்கள். இவள் போட்ட முட்டை இது, இவளுக்குத்தான் தெரியும்.

"போதாது அம்மா," என்றாள். "அவர் எழுத்துப் பக்கம் வச்சா சிப் எரிஞ்சிடும். அது போச்சுன்னா ஹீட்டர் நிக்காம ஓடலாம். உள்ள இருக்கிற முட்டை எல்லாம் அவிஞ்சிடும்."

ஒச்சோலா உளியைக் கீழே வைத்தான்.

"சீனாக்காரன் மாத்தி அடிச்சுட்டான் அம்மா," என்று கச்சாஞ்சா குறுக்கே பாய்ந்தான். "அவனுங்களோட இதே தொல்லை."

"இல்ல பாஸ். நான் அனுப்பினதை அவன் அப்படியே செஞ்சான். நான்தான் அடிப்பக்கம் பார்த்து வரைஞ்சுட்டேன். அதைச் சொல்லிக் குடுக்கிற பாடத்தைத் தாண்டிட்டேன்."

"ஏன் தாண்டினே?" என்றாள் ஜெரோட்டிச் அம்மா.

"எனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அம்மா வெப்பமானியைத் துடைத்துத் துணியில் சுற்றினாள். எழுந்து போகப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் முக்காலியைச் சுவரோரம் நகர்த்தி மறுபடி உட்கார்ந்தாள். "மோலோ போற வண்டி மூணரைக்கு. அதுக்குள்ள சரியான படம் போகட்டும். போனதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன். இங்க சப்பாத்தி எங்க கிடைக்கும்?"

கச்சாஞ்சா கெமுன்டோவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டியே. வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"முட்டையும் முடிஞ்சிருக்கும்."

"பத்து நாள் ஆச்சு உனக்கு அதை வரைய. இப்ப மணி பதினொண்ணு. எப்ப முடிப்பே?"

"மூணு மணிக்குள்ள. மூணு மணிக்கு இலவசம் முடியுது."

"முடியலைன்னா திங்கக்கிழமை சிமியூ வர்றான். நான் என்ன சொன்னேனோ அதுதான்."

"நான் மாத்தச் சொல்லலையே பாஸ்."

அவள் வந்து உட்கார்ந்தாள். திரை மூலைப் பெட்டியில் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம் மிச்சம். கை நேராகப் படத்தைத் திறக்கப் போனது. அதை இழுத்துக்கொண்டு நான்காம் பாடத்தைத் திறந்தாள். பதினெட்டு நிமிடம். ஒரு மடங்கு வேகம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"போர்டு கண்ணாடியால் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள்," என்றான் அந்த ஆள் சாவகாசமாக. "நீங்கள் எப்போதும் மேலேயிருந்துதான் பார்க்கிறீர்கள். அடிப்பக்கத்தையும் மேலேயிருந்து, ஊடுருவித்தான் பார்க்கிறீர்கள்." பதினோராம் நிமிடத்தில் அவன் கொஞ்சம் நிறுத்தினான். "இதுவரை வீட்டில் கையால் போர்டு செய்தவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். பழகிய கை தன் போக்கில் போகும்."

கெமுன்டோவுக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் இவன் அவளுக்காகவே இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான். அவனை வாத்து மாதிரி கத்தவிட்டவள் அவள்.

நோட்டை மூடி இழுப்பறையில் போட்டாள். சிப்பை மேசை மேல் நேராக நிற்க வைத்து, மேலேயிருந்து பார்த்து வரைந்தாள். ரிலேயை வைத்து மேலேயிருந்து பார்த்து வரைந்தாள். பாகங்கள் திரும்பியதும் கோடுகள் எல்லாம் சிக்கிக்கொண்டன, அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் வழி அவளுக்கு இப்போது தெரியும், அதே வழிதான், மறுபக்கமாக. பன்னிரண்டரைக்கு மின்சாரம் ஒருமுறை விழுந்தது.

"ரம்பத்தைத் தொட்டே, உன் கையை நான் அறுத்துடுவேன்," என்றாள் திரும்பாமலே.

"ரம்பம் இல்ல தங்கச்சி, பசை உருக்கற கரண்டுச் சட்டி. அதையும் நிறுத்திட்டேன்," என்றான் ஒச்சோலா. அன்று மீதி நேரம் அவன் கைரம்பத்தில்தான் அறுத்தான், அதுவும் மெதுவாக.

ஜெரோட்டிச் அம்மா சப்பாத்தியும் பயறும் சாப்பிட்டு முடித்து, ஒரு சப்பாத்தியைச் சுருட்டிக் கெமுன்டோவின் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அது அங்கேயே ஆறியது.

இரண்டு நாற்பதுக்குச் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். பிழை: 0.

போன தடவையும் அதுதான் சொன்னது. அனுப்பு என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. அந்த விரல் இறங்கியிருந்தால் இருபது நிமிடம் மிஞ்சியிருக்கும், மூச்சு விட்டிருக்கலாம். அவள் பாகங்களை அள்ளிக்கொண்டு எழுந்து முற்றத்தைத் தாண்டிக் கச்சாஞ்சாவின் அறைக்கு ஓடினாள். படத்தை அசல் அளவில் தாளில் அச்சடித்தாள். அச்சுப்பொறி இருமி இருமித்தான் துப்பியது. தாளை ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் விரித்து, சிப்பை எடுத்து, எழுத்து இருக்கும் பக்கத்திலிருந்து துளைக்குத் துளை அழுத்தினாள். கால்கள் தாளைக் குத்திக்கொண்டு இறங்கின. முதல் கால் முதல் இடத்தில். ரிலேயை அழுத்தினாள். சென்சர் சாக்கெட். மின்சாரச் சாக்கெட். எல்லாம் எழுத்தோடு எழுத்தாக நின்றன. மென்பொருளுக்குத் தெரியாதது இந்த ஒன்றுதான், இது அவள் கைக்குத் தெரியும்.

கச்சாஞ்சா பின்னாலேயே வந்து நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் இருந்த சின்ன எழுத்தில் அவன் விரல் நின்றது.

"இது யாரைக் கேட்டுப் போட்டது?"

போன மாதம் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. பதினோரு வருடக் கதையை எடுத்திருப்பாள். "யாரையும் கேக்கலை பாஸ். போர்டு தப்பாப் போச்சுன்னா யாரைத் திட்டணும்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

கச்சாஞ்சா தாளிலிருந்து விரலை எடுத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு ஐம்பத்தொன்று.

"பேரை மட்டும் போட்டா எப்படித் திட்டுவாங்க? போன் நம்பரையும் போடு."

"உங்களோடதா?"

"உன்னோடது. எவனோ மோலோலேருந்து கூப்பிட்டு எனக்குப் போர்டு பத்திச் சொன்னா எனக்கு என்ன புரியும்?" என்றவன் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "திங்கக்கிழமை வர வேண்டாம்னு அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கறேன்."

அவள் தாளையும் தெர்மோகோலையும் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்து எண்ணை அடித்தாள். பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்து, முதலிலிருந்து ஒரு தடவை படித்தாள். ஒன்பது நிமிடத்தில் ஆறுதான் மிச்சம் இருந்தது, இருந்தும் இரண்டாம் தடவையும் படித்தாள். கால் தரையைத் தட்டவில்லை. இரண்டு ஐம்பத்தேழுக்குப் படம் போனது.

"போயிடுச்சு," என்றாள்.

ஜெரோட்டிச் அம்மா மேசைக்கு வந்து, ஆறின சப்பாத்தியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தெர்மோகோலில் குத்தியிருந்த தாளைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துப் படித்தாள். எண் அதில் இல்லாததைக் கண்டு திரையில் பார்த்தாள். தன் போனை எடுத்து, உதட்டை அசைத்தபடி, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். மூன்று மணிக்குத் திரை சாம்பல் நிறமாகிப் பெட்டி எண்ணுவதை நிறுத்தியபோது, கெமுன்டோவின் பாவாடைப் பையில் போன் அடித்தது. அவள் எதிரில் நின்ற அம்மாவையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடு," என்றாள் அம்மா, போனைக் காதில் வைத்தபடியே. "எடுக்கறியான்னு பாக்கறேன்."

கெமுன்டோ எடுத்தாள்.